பெரட்டில் கணவன் பெயர்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.20, தூறல். பன்விலயிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். தேயிலைத் தோட்டத்தில் அவள் போன வாரம்தான் கங்காணியானவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“முப்பது பேருக்கு முன்னால புருசன் பேரச் சொல்லிக் கூப்பிடுற. வெக்கமா இல்ல?”

“காலைப் பெரட்டுல ஆள் வந்திருக்கான்னு பேர் வாசிக்கிறது என் வேலை. மொத நாள் உங்க பேர விட்டேன். ஒங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. அதுக்கும் ஏசினீங்க.”

“எங்கப்பா செத்த பொறகும் எங்கம்மா அவர் பேரச் சொன்னதில்ல.”

“ஒங்கம்மா கங்காணி இல்ல.”

“இந்த வேலை வேணாம்னு தோட்டத்துத் தொரகிட்ட சொல்லிரு.”

“பதினாறு வருசம் கொழுந்து எடுத்து வாங்கின வேலை. சொல்ல மாட்டேன். நாளைக்கும் கூப்பிடுவேன். பதில் வரலன்னா, ஆள் வரலன்னு எழுதுவேன்.”

“எழுதிருவியோ, பெரிய கங்காணி?”

அவள் நேரே பார்த்தபடி, பெரட்டில் கூப்பிடும் குரலிலேயே கூப்பிட்டாள். “செல்லமுத்து.”

பதினேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மின்கம்பங்கள் கடந்து போயின.

“இருக்கேன்,” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் இறங்க வேண்டிய மடவளை அதற்குள் பின்னால் போய்விட்டது. திரும்பி வர ஓட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.