தொட்டிக்குள் ஒரு பயணி

எனக்கு இந்தி நன்றாகவே வரும். பிறந்ததே பம்பாய் மாட்டுங்காவில்தான். போன தடவை நீங்கள் போலீஸ் விசாரணைக்கு வந்தபோது அரைகுறை என்று சொன்னேன். நீங்களும் நம்பி எழுதிக்கொண்டு போனீர்கள். இன்று முழுவதையும் சொல்கிறேன். நீங்கள் தமிழ்க்காரர், உங்களுக்குப் புரியும்.

கிட்டு என் கணவரின் தம்பி. கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தான். நல்ல பையன். எதற்கும் சிரிப்பான். அண்ணன் மனைவி என்பதால் என்னை மன்னி என்றுதான் கூப்பிடுவான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நான் ஒரு ஒலி நாடகம் எழுதினேன். மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு டேப்பை ஓடவிடுவார்கள். காலத்தைத் தாண்டிப் பயணம் போகிற இருவரின் வாகனம் பம்பாயில் விழுந்து நொறுங்குகிறது. தாரிணி என்ற பெண் வெளியே வந்துவிடுகிறாள். கூட வந்தவன் இரும்புக் கூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். இருவருக்கும் நடுவே குரல் மட்டும்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். தாழ்ப்பாள் போட்ட அறை, நெரிசலான லோக்கல் ரயில், எதுவானாலும் நெஞ்சை ஒரு கை பிடிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணமான பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். அந்தப் பயத்தை அப்படியே எடுத்து, கூட்டுக்குள் மாட்டிக்கொண்டவன் வாயில் வைத்தேன். இருட்டில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது அதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவனுக்குக் குரல் கொடுத்த கிட்டுவுக்குப் பயப்படத் தெரியவில்லை. 'காப்பாத்து தாரிணி' என்பதை, காபி கொண்டு வா என்கிற மாதிரி சொன்னான். பல தடவை பதிவு செய்தோம். கட்டடம் முழுக்க அவன் அலறலைக் கேட்டுப் பழகிவிட்டது.

"மன்னி, மூச்சு முட்டறவன் இவ்வளவு வசனம் பேசுவானா? ஒரு சோடா கேப்பான்" என்றான்.

நாடகத்தில் அவனுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தாரிணி தெருவில் போகிறவனை நிறுத்தி, இது எந்தக் காலம் என்று கேட்பாள். அவன் இந்தியில் 'கல்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான்.

"நேத்திக்கும் கல், நாளைக்கும் கல். இந்த ஊர்க்காராளுக்கு வாகனமே வேண்டாம் மன்னி. ஒரே வார்த்தையில போயிட்டு வந்துடறா."

மொட்டைமாடியில் எங்கள் கட்டடத்தின் இரும்புத் தண்ணீர்த் தொட்டி பழுது பார்த்துக் காலியாக இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதற்குள் இறங்கிப் பேசினால் குரல் சரியாக வரும் என்று சொன்னது கிட்டுதான். இது உங்கள் எழுத்தில் இருக்கட்டும்.

சனிக்கிழமை நான் பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் ராம்துலாரிடம், தொட்டிக்கு எப்போது தண்ணீர் விடுவாய் என்று கேட்டேன். பீடியை வாயிலிருந்து எடுக்காமல், "கல்" என்றான். நாளைக்கு என்று அர்த்தம். தோபஹர், மத்தியானம் என்றும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து மைக்கையும் டேப் ரிக்கார்டரையும் மாடிக்கு எடுத்துப் போனோம்.

"பம்ப்புக்காரன் என்ன சொன்னான் மன்னி?"

"கல்னு சொன்னான்."

"நாளைக்குத்தானே? பேஷ். இன்னிக்குத் தொட்டி நம்மோடது."

நான் பொய் சொல்லவில்லை. அவன் சொன்ன வார்த்தையை மாற்றாமல் சொன்னேன். அது ஒரு நாள் பழசாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான். கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன். சுவரில் உரசினால் சத்தம் டேப்பில் விழும். இரும்பு மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினேன், இல்லாவிட்டால் காற்றில் தடதடக்கும். மைக் ஒயர் குழாய் ஓட்டை வழியாக உள்ளே போனது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

முதலில் வழக்கம்போல் வசனத்தைச் சொன்னான். நடுவில் தும்மிவிட்டுச் சிரித்தான். பிறகு கீழே பம்ப் ஓட ஆரம்பித்தது.

உள்ளே இருந்தவனைவிட நான்தான் பயந்தேன். கொக்கியில் கையைக்கூட வைத்தேன், இரும்பு வெயிலில் சுட்டது. ஆனால் அவன் குரல் மாறிவிட்டது. மூச்சுக்கு நடுவே வார்த்தை உடைந்தது. இத்தனை வருஷமாக நான் சொல்லியும் யாரும் நம்பாதது அந்தக் குரலில் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் மாடி வாலாம்பாள் மாமி காயப்போட்ட மிளகாயை எடுக்க வந்தார்.

"கிட்டு இன்னிக்கு ரொம்ப நன்னாக் கத்தறானேடி. கீழ வரைக்கும் கேக்கறது."

"ஆமாம் மாமி. இன்னிக்குத்தான் வந்திருக்கு."

"தண்ணி சத்தம்கூட அசலா இருக்கே. எப்படிப் பண்றேள்?"

"அது கீழேருந்து வரது மாமி."

"கெட்டிக்காரிதான் போ" என்று முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

டேப் தீர்ந்து சக்கரம் வெறுமனே சுற்றியபோது கொக்கியை எடுத்தேன். அதற்கு முன்பே சத்தம் நின்றிருந்தது.

அவன் சொன்ன 'கல்' திங்கட்கிழமை என்று நினைத்துவிட்டோம் என்று எல்லோரிடமும் அழுதேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. இங்கே வந்த தமிழர்களில் அந்த வார்த்தையில் தடுக்கி விழாதவர் யார்? என் கணவர் ராம்துலாரைத்தான் திட்டினார். பாவம், அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

துக்கம் என்று சொல்லிச் சங்கத்தார் நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். யாருமே கேட்காமல் போவது நியாயமா? அதனால்தான் நானே உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். இதோ டேப். கேட்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் கிட்டு வசனத்தை மறந்துவிட்டான். தாரிணி என்று கூப்பிட வேண்டிய இடத்திலெல்லாம் மன்னி, மன்னி என்று கூப்பிட்டிருக்கிறான். கதைக்குப் பொருந்தவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறான்.