ஏழு மெகாஹெர்ட்ஸ் ரிலே

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

கோடையில் ஒரு நாள் இராமேஸ்வரம் லாட்ஜ் அறையில் நாங்கள் நான்கு பேர்தான். ஜன்னலோரம் தர்மராஜ், பக்கத்தில் சல்மான், எதிரே எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தின் செயலாளர் ஜுமானா. நான் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக வந்தது.

வீட்டில் கட்டும் ரேடியோ செட்டில் ஒவ்வொரு அலைவரிசைப் பேண்டுக்கும் தனித்தனி வடிகட்டி வேண்டும். முன்பெல்லாம் குமிழைத் திருகி மாற்றுவோம். நான் செய்த மின்சுற்றுப் பலகையில், அலைவரிசையை மாற்றினாலே ஒரு சிப் அதற்குரிய ரிலே சுவிட்சை இழுத்துவிடும். அதைத்தான் தர்மராஜ் தன் செட்டில் பொருத்தி, தன் கண்டுபிடிப்பென்று மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, அது நான் பண்ணுனது,” என்றேன்.

“ஏலே முத்துகிருஷ்ணா, ஈயம் வெச்சவனெல்லாம் இன்ஜினியருன்னா, எங்க தெருவுல பாத்திரம் அடைக்கிறவனுக்கும் ஒரு லைசென்சு வாங்கிக் குடுப்பமா?”

சல்மான் விழுந்து விழுந்து சிரித்தான். ஜுமானா, “டீ ஆறுது, குடிங்க,” என்றார். நானும் சிரித்தேன்.

மழைக்காலத்துக்கு முன் அதே செட்டைத் தர்மராஜ் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாரியூர் புயல் முகாமுக்கு எடுத்துப் போகிறாராம், ஒரு தடவை பார்த்துத் தரச் சொன்னார். பார்த்தேன். சிப்பின் புரோகிராமில் கொஞ்சம் சேர்த்தேன். ஏழு மெகாஹெர்ட்ஸில் முதல் சில அழைப்புகள் போகும். அதன்பின் எல்லாம் காதில் விழும், ஆனால் பேசப் பொத்தானை அழுத்தினால் ரிலே விட்டுவிடும், குரல் வெளியே போகாது. மற்ற பேண்டுகளில் நான் கை வைக்கவில்லை.

புயலன்று செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. ராமநாதபுரம் ரேடியோ நிலையத்தில் ஏழு மெகாஹெர்ட்ஸ் மைக் என் கையில் இருந்தது. சில அழைப்புகளுக்குப் பின் மாரியூர் முகாமின் குரல் வருவது நின்றது. ‘எண்பது மீட்டர் பேண்டுக்கு மாறுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பேசியிருப்பார். நான் சொன்னது வேறு.

“அண்ணே, ஆன்டெனா அறுந்திருக்கும் போல. மேல ஏறிப் பாருங்க.”

பிறகு நடந்ததை, முகாமில் அவரோடு இருந்த சல்மான் பின்னால் அழுதுகொண்டே சொன்னான்: “மாடியில ஏறுனாரு, காத்து தூக்கி அடிச்சிருச்சு. ஆம்புலன்சு வேணும்னு மைக்கப் புடிச்சுக் கத்துறேன். நீங்க பேசுறது கேக்குது, நான் பேசுறது போகல. சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்துச்சு அண்ணே.”

அதுவரை நான் அழைத்துக்கொண்டேதான் இருந்தேன். மரியாதை குறையாமல், “தர்மராஜ் அண்ணே, கேக்குதா?” என்று. முதல் தடவையாக நான் பேச அவர் குறுக்கிடாமல் கேட்டார். அது எனக்கு நிறைவாக இருந்தது.

செட் கோளாறால் நேர்ந்த விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். என் பலகையில் கோளாறு கிடையாது. நான் சொன்னதை அது பிசகாமல் செய்தது. தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

இதை மடித்து உறையிலிட்டு ஒட்டி, திருப்புல்லாணி தபாலாபீஸில் இப்போதே ஸ்பீடு போஸ்ட்டில் சேர்க்கிறேன். அனுப்புநர் என்ற இடத்தில் ‘முத்துகிருஷ்ணன், பலகையை வடிவமைத்தவர்’ என்று எழுதியிருக்கிறேன்.