அரிசி களைந்த ஜலம்

மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிதில், காளிகாட் போகும் வண்டியில் எனக்கு முன் பெஞ்சில் இரண்டு தமிழ் குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்காத்துப் பட்டினியை மொதல்ல கண்டுபிடிச்சது பக்கத்தாத்து வங்காளி அம்மாவோட மாடு, ஓய்” என்றார் குடை வைத்திருந்தவர்.

“மாடா?”

“அரிசி களைஞ்ச ஜலத்தைத் தினமும் அதுக்குத்தான் வெப்போம். எனக்கு வேலை போனப்போ களையறதுக்கு அரிசி ஏது? வெளியில தெரிஞ்சா வெக்கம்னு என் ஆம்படையாள் வெறும் ஜலத்தைக் கொண்டுபோய் வெச்சா. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிண்டுடுத்து.”

“அதை அந்த அம்மா பாத்துட்டாளா?”

“பாத்தா. ஒண்ணும் கேக்கலை. மறுநாள் ஒரு படி அரிசியோட வந்து நின்னா. ‘உங்காத்து ஜலம் இல்லாம மாடு தவிக்கறது. இதைக் களைஞ்சு ஜலத்தை மட்டும் குடுங்கோ, நனைஞ்ச அரிசி எனக்கெதுக்கு’ன்னா. எனக்கு வேலை கிடைக்கற வரைக்கும் தினமும் வந்தா, ஓய்.”

மற்றவர், “அப்புறமாவது நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னீரா?” என்றார்.

“எப்படிச் சொல்றது? இன்னி வரைக்கும் மாட்டோட பசியைத் தவிர வேற பசியைப் பத்தி அவ பேசினதே இல்லையே.” மடியிலிருந்த வெல்லப் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினார். “அதான், மாட்டுக்கு வாங்கிண்டு போறேன்.”