வெறும் கரைப்பான்

விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டதற்கு நன்றி. எங்கள் ஆய்வகத்தில் இயந்திரங்களுக்காகக் குளிரூட்டி ஓடும். மனிதர்களுக்கு மூக்கு ஒழுகும். இங்கே நிதானமாகப் பேச வருகிறது.

என் வேலை சிக்கலானதல்ல. மூலிகைச் சாற்றை இயந்திரத்துக்குள் செலுத்தினால் அதிலுள்ள பொருள்கள் தனித்தனியாகப் பிரிந்து, திரையில் ஒவ்வொன்றும் ஒரு முகடாக எழும். இது இன்னதாக இருக்கலாம் என்று கணினி நாலைந்து பெயர்கள் சொல்லும். எது சரி என்று முடிவு செய்வது நான். சந்தேகம் வந்தால், அந்தப் பொருளின் சுத்த மாதிரியை வரவழைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பசியைத் தூண்டும் டானிக் ஒன்றுக்கான வேர் வந்தபோது, ஒரு சின்ன முகட்டுக்குக் கணினி சொன்ன முதல் பெயரையே எடுத்துக்கொண்டேன். தீங்கில்லாத பொருள். பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் எல்லோர் முன்னாலும், "மாசக்கணக்குல இழுப்பாங்கன்னு நெனச்சேன். மனுஷன் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிச்சுட்டாரு" என்றார். என்னைப் பகுதித் தலைவராக்கினார். டானிக் கடைகளுக்குப் போனது.

பிறகொரு நாள் வேறு வேலையாக அந்தத் தரவைத் திறந்தேன். இரண்டாவது பெயர் கண்ணை உறுத்தியது. அந்த வேர் வந்த மூட்டையைக் கிளறினேன். வேரோடு வேராக ஒரு களைச்செடியும் கிடந்தது. அதைத் தனியே அரைத்துச் சாறெடுத்து ஓட்டினேன். அதே முகடு. அந்த இரண்டாவது பெயர்தான் சரி: கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நஞ்சு. திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அன்றிலிருந்து எல்லோரும் என்னை நோட்டம் விடுவதாகப் பட்டது. மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் என்னைப் பற்றித்தான். எங்களுக்குச் சாறெடுத்துத் தரும் அக்கா ஒருவர் உண்டு. அவரும் என் மேசைப் பக்கம் அடிக்கடி வந்து தயங்கி நின்றார். ஒருநாள் டானிக் பாட்டிலோடு வந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. இதத்தான் குடிக்கிறாரு. 'உங்க கம்பெனி மருந்துலயே என்னத் தீத்துக்கட்டப் பாக்கறியா'ன்னு கிண்டல் வேற. ஒருதடவ ஓட்டிப் பாப்போமா? நானே தயார் பண்ணிடறேன், நீ கைவைக்கவே வேணாம்."

நான் ஏன் கைவைக்கக் கூடாது? மேலாளர்தான் ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மாதிரியை ஓட்டும் முன், அதைக் கரைக்கிற திரவத்தை மட்டும், அதாவது வெறும் கரைப்பானை, ஒரு குப்பியில் ஓட்டுவது எங்கள் வழக்கம். அதில் எது தெரிந்தாலும் இயந்திரத்தில் ஒட்டிய அழுக்கு என்று கொண்டு, மாதிரியின் முடிவிலிருந்து கணினி அதைக் கழித்துவிடும். அக்கா மாதிரிக் குப்பியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் குப்பியை யார் பார்ப்பார்கள்? அதில் களைச்செடிச் சாற்றைச் சொட்டினேன். தாராளமாகவே.

நஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாக ஓடியது.

"அப்பாடா. வயித்துல பால வார்த்த தம்பி" என்றார் அக்கா. "ஒரு வேள தவறாமக் குடுக்கறேன் இனி."

கொடுத்தார். கணவர் இறந்துபோனார். ஈரல் ஏற்கெனவே கெட்டிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். அக்காவின் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகிற பெண்.

"அப்பா போனதுலேருந்து இவளுக்குச் சாப்பாடே எறங்கல தம்பி." அக்கா அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். பாதி மிச்சமிருந்தது. "இதக் குடுக்கலாமில்ல? நீ பாத்ததுதானே."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொறி வைக்கிற முகமல்ல. இந்த மனுஷி ஒருபோதும் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை நாள் இறுக்கமும் போய் மனசு லேசானது.

"சின்னப் பொண்ணு, அரை மூடி போதும்க்கா" என்றேன்.

அவள் மருத்துவமனையில் கிடப்பதாகச் சொல்கிறீர்கள். நஞ்சு என்று தெரிந்தேதான் கொடுக்கச் சொன்னேன். அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் பாட்டிலில் முழு மூடி என்று போட்டிருக்கிறது. பாதியாகக் குறைத்தது நான். அந்தப் பிள்ளைமேல் எனக்கிருந்த அக்கறையையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.