வெறும் புல்லு

அந்த வார்த்தைய மட்டும் எழுதாதிய அண்ணாச்சி. தரிசு நிலம்னு போட்டுட்டியளே, அத அடிச்சிருங்க. வேற தாளு வேணும்னா நான் வாங்கிட்டு வாரேன். கலெக்டர் ஆபீசு வாசல்ல இருவது வருசமா மனு எழுதுதியன்னு சொன்னாவ, ஒங்க கையும் தானா அதத்தான் எழுதுது பாருங்க. அறுவது ஏக்கர் புல்வெளின்னு எழுதுங்க. ஆமா, புல்வெளிதான். அதெல்லாம் ஒரு சங்கதியான்னு நீங்களும் கேட்டுராதிய. போற எடமெல்லாம் அதத்தான் கேக்கான்.

பேரு சுந்தர்சிங். வயசு அறுவது. ஊரு வல்லநாட்டு மலைக்குக் கெழக்க. வேலையா? இப்ப சும்மாதான் இருக்கேன். முன்ன என்ன வேல பாத்தேம்ங்கத பொறவு சொல்லுதேன். புகார் யாரு மேலன்னு ஒரு வரி வருமுல்லா, அதயும் இப்பம் காலியா விட்டு வைங்க.

விசயம் என்னன்னா, ஒரு கம்பெனிக்காரன் அங்கன பத்தாயிரம் மரக்கன்னு வைக்கப் போறானாம். வியாழக்கிழம குழி தோண்ட ஜேசிபி வருது. அத நிப்பாட்டணும்.

பாத்தியளா, சிரிக்கிய. மரம் வைக்கதப் போயி ஒருத்தன் தடுக்கானேன்னுதான நெனைக்கிய? நான் என்ன மரத்துக்கு எதிரியா? எங்க வீட்டு வாசல்ல ரெண்டு வேம்பு நிக்கி, நான் வச்சதுதான். அவனுக்கு மரம் வைக்க ஆசன்னா ஹார்பர் ரோட்டுல வைக்கட்டுமே. லாரிக்காரன் ஒதுங்க நெழலு இல்லாம வெந்து சாவுதான். அங்கன வைக்க மாட்டான். அங்கன வச்சா தெனமும் தண்ணி ஊத்தணும். இங்கன ஒரு நாளு வந்து, குழிக்கு முன்னால நின்னு போட்டா புடிச்சுட்டுப் போயிருவான்.

அங்கன மேயுத மானுக்கு மரம் ஏன் ஆவாதுன்னா கேக்கிய? அது வெளிமான் அண்ணாச்சி. கருப்பும் வெள்ளையுமா, முறுக்குன கொம்போட நிக்குமே, அது. நாலு பக்கமும் வெட்டவெளியா கெடந்தாத்தான் அதுக்கு உசுரு. நாயி அர மைலுக்கு அங்கன வரும்போதே பாத்துரும். பாத்துட்டா ஒரே ஓட்டம்தான். கெழக்கு ஓரத்துல சீமைக் கருவேலம் மண்டிப்போச்சு. அதுக்குள்ள நாயி பதுங்கிக் கெடந்து போன வருசம் மூணு மானக் கடிச்சுட்டு. பத்தாயிரம் மரம் வந்தா ஒண்ணு தப்புமா? வானம்பாடி முட்டையிடுததும் தரையிலதான், புல்லு மூட்டுல. மரத்துல ஏறி அது கூடு கட்டாது.

இன்னொண்ணு, இதப் பெரிய எழுத்துல எழுதுங்க. இப்ப மான் குட்டி போட்டிருக்கு. மழ பேஞ்சு கொழுக்கட்டப்புல்லு முட்டளவு நிக்கி. தாயி குட்டிய அதுக்குள்ள படுக்க வச்சுட்டுத் தள்ளிப் போயி மேயும். ஆளு கிட்ட வந்தாலும் குட்டி ஓடாது அண்ணாச்சி. மூச்சுக் காட்டாமக் கெடக்கும். ஜேசிபி வந்தாலும் அப்பிடியேதான் கெடக்கும்.

நேரா இங்கன வந்தேன்னா நெனைக்கிய? ரெண்டு வாரமா அலையுதேன். ஃபாரஸ்ட்டு ஆபீசுல போனா, அது எங்க காடு இல்ல, ரெவின்யூ நெலம்ங்காவ. தாலுகா ஆபீசுல போனா, மானு எங்க டிப்பார்ட்மெண்டு இல்லங்காவ. மானு அந்தப் புல்லத் திங்கும்போது அது யாரு டிப்பார்ட்மெண்டுன்னு கேட்டேன். வெளிய போவச் சொல்லிட்டாவ. எல்லா எடத்துலயும் ஒரே ஒரு காயிதத்தக் காட்டுதாவ. தல ஆய்வு செய்ததில் தரிசு, புல் தவிர வேறொன்றும் இல்லைன்னு அதுல இருக்கு. அதச் சொன்ன பயல இழுத்துட்டுப் போயி அந்தப் பொட்டல்ல நாளு முச்சூடும் நிக்க வைக்கணும்.

கலெக்டர் மனு வாங்குத கூட்டம் முடியப் போவுதா? சரி, அவசரப்படுத்தாதிய. அந்தக் காலி வரியச் சொல்லிருதேன்.

அந்தக் காயிதத்துக்காக நெலத்தப் பாக்கப் போனது ஆனி மாசம். மேக்காத்து மண்ண வாரி மூஞ்சில அடிக்கி. புல்லெல்லாம் காஞ்சு தரையோட தரையாக் கெடக்கு. விஏஓ ஊருக்குப் புதுசு. ஜீப்புக்குள்ள இருந்துக்கிட்டே, கூடப் போன தலையாரிட்ட, காயிதத்துல கிராம உதவியாளர்னு போடுவாவல்லா, அவன்ட்ட, இதுல என்னமும் உண்டுமான்னு கேட்டாரு. உண்டுன்னா அறுவது ஏக்கரையும் நடந்து காட்டணும். அன்னைக்குன்னு பாத்து தலையாரிக்கு ரிட்டயர்மெண்டு. தாலுகா ஆபீசுல சால்வயும் மாலையும் வாங்கி வச்சுக்கிட்டு, மூணு மணிக்கு குரூப் போட்டா எடுக்கக் காத்துக் கெடக்காவ. ஒண்ணுமில்ல சார், வெறும் புல்லுதான்னுட்டான். தூரத்துல மூணு பெட்ட மான் நின்னுக்கிட்டிருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் சொன்னான். சாட்சிக்குக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டு, ஓடிப்போயி சால்வயப் போத்திக்கிட்டான்.

எழுதுங்க. அந்தக் காலி வரியில, சுந்தர்சிங், ஓய்வு பெற்ற கிராம உதவியாளர்.

இல்ல அண்ணாச்சி, தப்பு ஒண்ணுமில்ல. மேலயும் அந்தப் பேருதான், கீழயும் அந்தப் பேருதான். பேனாவக் குடுங்க, கையெழுத்துப் போடுதேன்.