மாமியாரின் பை

— பொறு, பொறு, கதவைத் திறக்காதே நெட்சாய்! உங்கம்மா டென்டுக்கும் நம்ம வண்டிக்கும் நடுவுலதான் நிக்குது யானை.

— அதனாலதாங்க இறங்கணும்கிறேன். அம்மா உள்ள படுத்திருக்காங்க. விடுங்க கையை!

— கத்தாதே. சும்மா போற யானைதான். ஆத்தோரமா டென்ட் போட்டா பக்கத்துலதான் போகும்.

— சும்மா போற யானை தும்பிக்கையைத் தூக்கித் தூக்கி மோப்பம் பிடிக்குமா? சரணாலயத்துக் கேட்டுக்கு வெளியே லாட்ஜ் இருக்கு, நாலு சுவர் இருக்குன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். உள்ள தங்கினாதான் காடு, வெளியே தங்கினா வெறும் வேடிக்கைன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க.

— பொறு, நெட்சாய். ஒண்ணு சொல்றேன், திட்டாதே. உங்கம்மா பையில ஆரஞ்சு இருக்கு.

— என்னது? ஆரஞ்சு வாசனைக்கு யானை வரும், உள்ள கொண்டு போகக்கூடாது, இருக்கான்னு கேட்டுலயே கேட்டாங்களே! நீங்கதானே இல்லைன்னு சொன்னீங்க?

— பையை வண்டியில ஏத்துறப்பவே வாசனை வந்துச்சு. மசோவே தோட்டத்து ஆரஞ்சு. இப்பகூட அடிக்குது பாரு.

— தெரிஞ்சுமா வாயை மூடிட்டு வந்தீங்க?

— மாமியார் பையில என்னன்னு மருமகன் கேக்கலாமா? கல்யாணமாகி வருஷம்கூட ஆகல. உங்க சித்தப்பா காதுக்குப் போனா மாமியாரை அவமதிச்சதுக்கு அபராதமா ஆட்டைக் கொண்டான்னு உக்காந்துடுவாரு.

— எனக்கு வாய் இல்லையா? என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

— நீ கேட்டு அதிகாரி முன்னாடியே அவங்களைத் திட்டியிருப்ப. அவமானமா போயிருக்கும்.

— நல்லா மரியாதை பாத்தீங்க, போங்க! அம்மா அவமானப்படாம சாகட்டும்னு விட்டீங்களாக்கும்! ஐயோ, டென்ட் கயித்தை மிதிச்சிடுச்சுங்க!

— ஹாரன் அடிச்சா மிரண்டு டென்ட் மேலயே ஏறிடும். நீ சொல்லு, பையைப் பின்பக்கமா தூர எறியச் சொல்லு.

— நான் கத்தினா அம்மா பயந்து வெளியே ஓடி வந்துடுவாங்க. நீங்க சொல்லுங்க!

— நானா? அவங்ககிட்ட நேருக்கு நேர்...

— செஞ்செராய், எங்கம்மாங்க அது!

— அத்தை! மன்னிச்சுக்கங்க, மரியாதை இல்லாம கத்துறேன்! ஆரஞ்சுப் பையைப் பின்பக்கமா தூக்கி வீசுங்க! சீக்கிரம்!

— முழிச்சுதான் இருக்கேன், மாப்பிள்ளை. பை இங்க ஏது? திங்கிற சாமான் எதையும் டென்டுல வைக்கக்கூடாதுன்னு நெட்சாய்கிட்ட சொல்லி விட்டீங்களே, உங்க பேச்சைத் தட்டலாமான்னு காலையிலேயே கொண்டுபோய் உங்க சீட்டுக்கு அடியில வச்சுட்டேன்.