வாயாடி அக்காவுக்குப் பதில் சொன்ன பழைய குரல்

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, பொறியாளர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் அம்மாவே, என்னோடு வேலை பார்த்தவர்களே, வணக்கம்.

எதிரில் ஆள் இருந்தால் எனக்கு நா எழாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். விண்வெளியில் தனியாக இருப்பவர்களோடு வானொலியில் பேசும் பேச்சு மேசையில்தான் எனக்குப் பேசவே வந்தது. வியாழன் கோளருகே உள்ள விண்நிலையத்தில் தனியாக இருந்த காவலர், நம் வாயாடி அக்கா, நான் சொன்னதைக் கேட்டு அவர் பதில் இங்கே வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிடும்.

"ஏய் முணுமுணு, சத்தமா பேசுடி. இவ்வளவு தூரம் வரணும்ல?" என்பார். "கேண்டீன் டீ இன்னும் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரிதான் இருக்கா? லிஃப்ட்காரர் கல்யாணம் என்னாச்சு? பதிலுக்கெல்லாம் காத்திருக்காதே, பேசிக்கிட்டே இரு."

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள், அக்கா தனிமையை விரும்பியவர் என்றார்கள். உங்களில் யார் அவரோடு பேசினீர்கள்? லிஃப்ட்காரர் கல்யாணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவரா தனிமையை விரும்பினார்?

நிலையங்களில் தனியாக இருப்பவர்கள் தலைவலியைக் கட்டுப்பாட்டு அறையில் சொல்லமாட்டார்கள். தகுதியில்லை என்று திருப்பி அழைத்துவிடுவீர்களோ என்று பயம். எங்களிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். நாங்கள் மருத்துவரிடம் சொல்வோம். அந்தப் பேச்சு மேசையை நீங்கள் வெட்டிப் பேச்சு என்று மூடினீர்கள். மூடியதை அங்கே இருப்பவர்களுக்குச் சொன்னீர்களா? அவர்கள் மனம் உடையக் கூடாதாம். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் பழைய பேச்சின் பதிவுகளைத் தினம் ஒன்றாக அவர்களுக்கு அனுப்பினீர்கள். என்னைக் கேட்டீர்களா?

இன்று காலையில் அம்மா என் கையைப் பிடித்து, "அவ கடைசியா உங்கிட்டதானம்மா பேசினா? என்ன சொன்னா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பதிவு அறைக்குப் போய், அவர் கடைசியாக அனுப்பியவற்றைக் கேட்டேன். யார் திறந்துவிட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

அம்மா, இப்போது சொல்கிறேன்.

"தலை விண்ணுவிண்ணுனு வலிக்குதுடி. காத்து ஒரு மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லு" என்றார். என் குரல், "சூப்பர்க்கா, அப்புறம்?" என்று சிரித்தது. மறுநாளும் சொன்னார். என் குரல் கேண்டீன் டீயைப் பற்றிப் பேசியது. கடைசியில், "முணுமுணு, இதெல்லாம் போன மாசமே சொல்லிட்டியே. அங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

இருந்தீர்கள். இந்தக் கட்டடம் நிறைய இருந்தீர்கள்.

காற்று வடிகட்டி பழுதாம். கருவி எல்லாம் சரி என்று தப்பாகக் காட்டியதாம். அவர் தலை சரியாகத்தானே சொன்னது? மருத்துவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவே வடிகட்டியை மாற்றியிருப்பார்.

இனி மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்வீர்கள். நான் நிற்கமாட்டேன். அவருக்கு மௌனத்தைத்தான் நிறையக் கொடுத்துவிட்டோம்.

வெளியே விண்வெளியில் இன்னும் நான்கு பேர் தனியாக இருக்கிறார்கள். இந்த நிமிடமும் அவர்களுக்கு என் பழைய சிரிப்பு போய்க்கொண்டிருக்கிறது. பதிவை நிறுத்திவிட்டு, நடந்ததைச் சொல்லி, யாருக்கு உடம்பு என்ன செய்கிறது என்று கேட்கப் போகிறேன். அவர்கள் பதில் வரும்வரை அந்த மேசையை விட்டு எழமாட்டேன்.

இயக்குநர் ஐயா, பேச்சு மேசை அறைச் சாவி உங்களிடம் இருக்கிறது. கொடுங்கள்.